பலா மரத்தடியில் பத்துத் தூர் ஏலம்

வீட்டுக்குப் பின்னால் பெரிய மரம் ஒன்று நிற்கும். அதனடியில் கத்தரி வைத்தால் ஒல்லியாக நீண்டு சாயும். ரோஜா மொட்டு விடாது. புல்கூட ஒழுங்காகப் படராது. "அந்த இடம் சும்மாதான் கிடக்கு" என்று மலைப்பகுதியில் குடியிருப்பவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏலம்தான் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், மரங்களின் காலடியில் தானாக வளர்ந்த செடி அது. நிழலைப் பொறுத்துக்கொள்ளும் செடிகள் பல உண்டு. ஏலத்துக்கோ நிழல் இல்லாமல் வாழ்வே இல்லை.

ஏக்கர் கணக்கில் ஏலத்தோட்டம் போடுகிறவர்களுக்கு வேறு நூல்கள் இருக்கின்றன. இந்த அத்தியாயம் கூடலூர், வால்பாறை, மேகமலை, ஏற்காடு, கீழ்ப்பழனி மலை போன்ற இடங்களில் ஒரு வீடும் இரண்டு மரமும் வைத்திருப்பவருக்கானது. பத்துத் தூர் இருந்தால் ஒரு குடும்பத்தின் தேநீருக்கும் பாயசத்துக்கும் போதும்.

முதலில் இடத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் உயரம், ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, புளிப்புத்தன்மை கொஞ்சம் உள்ள மண், மட்கிய இலைகளால் கறுத்த மேல்மண். இவை இருந்தால் ஏலம் காய்க்கும். சென்னையிலோ மதுரையிலோ தொட்டியில் வைத்தால் இலை விடலாம், காய் எதிர்பார்க்கக் கூடாது. சமவெளி நாற்றுப்பண்ணைகளில் "ஏலக்காய்ச் செடி" என்று விற்கப்படுவது பல நேரம் சித்தரத்தையின் உறவுச் செடி ஒன்றுதான். இலையைக் கசக்கினால் ஏலக்காய் போலவே மணக்கும், அதனால் வாங்குகிறவர் நம்பிவிடுகிறார். பூக்கும்போது உண்மை தெரிந்துவிடும். அந்தச் செடி தண்டின் நுனியில் பூக்கும். ஏலம் தூரின் அடியிலிருந்து, தரையோடு தரையாகச் சரம் விட்டுப் பூக்கும்.

இஞ்சியும் மஞ்சளும் ஏலத்தின் சொந்தங்கள். அவை இரண்டும் பருவம் முடிந்ததும் தழை காய்ந்து கிழங்காக மண்ணுக்குள் அடங்கிவிடும். ஏலம் அப்படி அடங்குவதில்லை. ஆண்டின் எந்த மாதம் பார்த்தாலும் பச்சையாக, ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும். ஆனால் நிற்பது அதே தண்டு இல்லை. கிழங்கிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு தண்டையும் தோட்டங்களில் தட்டை என்பார்கள். ஒரு தட்டை வளர்ந்து முதிர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். அதன் பிறகே அதன் அடியில் சரம் கிளம்பும். சரம் காய்த்து முடித்த தட்டை மெல்லப் பழுத்துக் காயும். அதற்குள் பக்கத்தில் இரண்டு மூன்று புதுத் தட்டைகள் எழுந்திருக்கும். பாட்டியும் அம்மாவும் பேத்தியும் ஒரே வீட்டில் இருப்பதுபோல, ஒரு தூருக்குள் மூன்று தலைமுறை எப்போதும் சேர்ந்து நிற்கும். இதைப் புரிந்துகொண்டால், எந்தத் தட்டையை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேவைப்படாது. பச்சையாக இருப்பது அடுத்த வருடத்துக் காய்.

இனி நிழலுக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் நட்ட ஆறு கன்றுகளையும் வீட்டின் வடக்கு மூலையில், கிளை தாழ்ந்த பலாவின் அடர்ந்த நிழலில் வைத்தேன். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்று கேட்டிருந்தேன், இருப்பதிலேயே அதிகமான நிழலைக் கொடுத்தேன். மூன்று வருடம் செடி வளர்ந்தது, கரும்பச்சை இலையோடு என் தலைக்கு மேல் போனது. ஒரு சரம்கூட வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இளவயதில் இலங்கையில் மாத்தளைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு கூடலூருக்கு வந்து சேர்ந்தவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருட்டுல வச்சா ஏலம் இலையத்தான் குடுக்கும் தம்பி. காய் வேணும்னா அது நிக்கிற எடத்துலேர்ந்து வானம் தெரியணும்."

அவர் சொன்னதற்குப் பின்னால் காட்டின் கணக்கு இருக்கிறது. குடகு மலைகளில் பழைய நாளில் ஏலத்தை யாரும் நாற்றுவிட்டு நடவில்லை. காட்டில் ஒரு துண்டு இடத்தைத் தேர்ந்து, அங்கே நிற்கும் பெரிய மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். மரம் விழும் வேகத்தில் மண் கிளறுபடும், மேலே வானம் திறக்கும். அடுத்து வரும் மழையில், யாரும் விதைக்காமலே ஏலக்கன்றுகள் முளைத்துவரும். விதை அந்த மண்ணில் முன்பே கிடந்திருக்கிறது, வெளிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. காட்டின் நடு இருட்டைவிட, ஒரு மரம் விழுந்ததால் உண்டான ஓட்டையின் ஓரம்தான் இந்தச் செடிக்கு உகந்த இடம்.

எவ்வளவு வெளிச்சம் என்று கேட்டால், பாதிக்குப் பாதி நிழல், அல்லது அதற்குச் சற்று மேல் என்பார்கள் தோட்டக்கலைத் துறையினர். அதை அளக்கக் கருவி தேவையில்லை. நல்ல வெயில் நாளில் நண்பகலில் மரத்தடியில் போய் நில்லுங்கள். தரையில் விழும் வெளிச்சப் புள்ளிகளைப் பாருங்கள். தரையில் ஏறத்தாழ பாதி இடத்தில் வெளிச்சம் சிதறி ஆடிக்கொண்டிருந்தால் சரி. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் இருட்டு. பாய் விரித்ததுபோல ஒரே வெயிலாகக் கிடந்தால் இலை தீயும். செடியும் உங்களுக்குச் சொல்லும். இலை வெளிறி மஞ்சளாகி நுனி கருகினால் வெயில் அதிகம். தட்டை மெலிந்து உயர்ந்து, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடி, அடியில் சரமே வராவிட்டால் வெளிச்சம் போதவில்லை. மேற்கும் தெற்கும் பார்த்த சரிவுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நிழல் விடுங்கள். பிற்பகல் வெயில் அங்கே நேராக இறங்கும்.

பெரியவர் சொன்ன பிறகு நான் அடுத்த தவறைச் செய்தேன். அது பிப்ரவரி மாதம். ஆர்வத்தில் அந்த வாரமே பலாவின் மூன்று பெரிய கிளைகளை இறக்கிவிட்டேன். மார்ச்சில் இலைகள் காகிதம்போல வெளுத்தன, ஏப்ரலில் இரண்டு தூர் சாய்ந்தேவிட்டன. எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எப்போது வெட்டுகிறோம் என்பதே பெரிய விஷயம். கிளை கழிக்க ஏற்ற காலம் மே கடைசியும் ஜூன் தொடக்கமும். கோடை மழை பெய்து மண் நனைந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை வரப் போகிறது. மழைக்காலத்தில் வானம் எப்படியும் மூடியே கிடக்கும். அந்த மூன்று மாதமும் செடிக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தேங்கி அழுகல் வரும். ஜூனில் கழித்த மரம் மழை முழுதும் குடித்து, டிசம்பருக்குள் மறுபடி தழைத்துவிடும். பிப்ரவரி வெயில் வரும்போது குடை தயாராக இருக்கும். மழையில் திறந்து வெயிலில் மூடும் இந்தக் குடையைப் பார்த்துக்கொள்வதுதான் ஏலம் வளர்ப்பவரின் முதல் வேலை. 2024ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில் இடுக்கி மாவட்டத்தில் ஏலம் ஏக்கர் ஏக்கராகக் காய்ந்துபோனது. பலர் செடிகளுக்கு மேல் பச்சை வலை கட்டிக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஒரு மரம் செய்யும் வேலைக்கு வலை எவ்வளவு ஈடாகும் என்று அப்போது யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எந்த மரம் நல்லது? கோடையில் இலை உதிர்க்காத, குடைபோல விரியும் மரம். பலா நன்றாகப் பொருந்தும், கழித்தால் தாங்கும். உடனடி நிழலுக்குக் கல்யாண முருங்கைக் கம்புகளை ஊன்றலாம். யூகலிப்டஸ் பக்கத்தில் ஏலம் வைக்காதீர்கள். கூடலூர்ப் பக்கம் பலாவுக்கு ஒரு தொல்லை உண்டு. பழ வாசனைக்கு யானை வரும், வந்தால் தூரெல்லாம் மிதிபடும். காய் பிஞ்சாக இருக்கும்போதே இறக்கிக் கறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் பழுக்க விடாதீர்கள்.

ஏலத்தில் மூன்று வகை. சரம் தரையில் படர்ந்தால் மலபார், நிமிர்ந்து நின்றால் மைசூர், இரண்டுக்கும் நடுவில் சாய்ந்திருந்தால் வழுக்கை. தாழ்வான உயரத்துக்கும் வறட்சிக்கும் மலபார் தாங்கும், 900 மீட்டருக்கு மேல் மைசூர் நன்றாக வரும். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி இன்று இடுக்கியில் எங்கும் இருக்கிறது. விளைச்சல் மிகுந்த வகை, ஆனால் தீனியும் தண்ணீரும் நிறையக் கேட்கும். வீட்டுத் தோட்டத்துக்கு, உங்கள் ஊரிலேயே பத்து வருடமாக நன்றாகக் காய்க்கும் தூரிலிருந்து எடுத்த கன்றையே நான் விரும்புவேன்.

சமையலறை டப்பாவில் இருக்கும் காயை விதைக்காதீர்கள். அது சூட்டில் உலர்த்தியது, முளைக்காது. செடியிலிருந்து அன்றே பறித்த பழுத்த காயின் விதை முளைக்கும், ஆனால் நாற்று நடும் பருவத்துக்கு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். கிழங்குக் கன்று சீக்கிரம் பலன் தரும். ஒரு முதிர்ந்த தட்டையும், அதன் அடியில் ஒட்டிய ஓர் இளங்குருத்தும் சேர்ந்ததுதான் ஒரு கன்று. குருத்து இல்லாத வெறும் தட்டையை நட்டால் அது நின்றபடியே காய்ந்துபோகும்.

கன்று வாங்கும்போது ஒரு விஷயத்தில் ஈவு இரக்கம் பார்க்காதீர்கள். தாய்த்தூரின் இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கி வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடினால் அது கட்டே நோய். இது வைரஸ் நோய், மருந்து கிடையாது. தூர் வருடத்துக்கு வருடம் சிறுத்து, காய்ப்பு நின்று, செத்துப்போகும். விதை வழியாக இது வராது, கிழங்கு வழியாகத்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு எடுத்துச் செல்வது அசுவினி. வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்பும் அசுவினியின் நெருங்கிய உறவு இது. சேம்பிலும் குடியிருக்கும். ஆகவே ஏலத்துக்குப் பக்கத்தில் சேம்பு வேண்டாம். உங்கள் தூர் ஒன்றில் இந்தக் கோடுகள் தெரிந்தால் அன்றைக்கே கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். மனசு கேட்காமல் ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் பத்தும் போய்விடும்.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். கோடை மழை பெய்ததும் வெட்டி, மேல்மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி ஆற விடுங்கள். தூருக்குத் தூர் எட்டடி. பருவமழை தொடங்கிய பின் தூறலும் மூட்டமுமான ஒரு நாளில் நடுங்கள். கொட்டும் மழையில் வேண்டாம். இங்கே பலரும் தவறுவது ஆழத்தில். ஏலத்தின் கிழங்கு மண்ணின் மேல்தட்டில் ஊர்ந்து போகும் கிழங்கு. ஆழமாகப் புதைத்தால் குருத்து மேலே வரத் திணறும், கழுத்து அழுகும். வேர் மூடுகிற அளவுக்கு மட்டும் மண் போட்டு, காற்றில் ஆடாமல் ஒரு குச்சி ஊன்றிக் கட்டி, சுற்றிலும் காய்ந்த இலையைப் பரப்பினால் போதும். நடவு அவ்வளவுதான். மூன்றாம் வருடம் காய் பார்க்கலாம்.

வேர்கள் மேல்மண்ணிலேயே இருப்பதால் மண்வெட்டி போட்டுக் கொத்தக் கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள். உரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மே, ஜூனில் தூருக்கு ஐந்து கிலோ மட்கிய எருவும் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கும், கிழங்கில் படாமல் ஓர் அடி தள்ளி வட்டமாகப் போடுங்கள். மீதி உரத்தை மரம் உதிர்க்கிறது. பலா இலையைக் கூட்டிக் கொளுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நான்கு விரல்கடை உயரத்துக்கு அந்தச் சருகு தூரைச் சுற்றிக் கிடந்தால் கோடையின் பாதிச் சுமையை அதுவே தாங்கிக்கொள்ளும். மறுபாதிக்குத் தண்ணீர் வேண்டும். பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை தூருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர். சரம் கிளம்பி நீளும் காலம் அதுதான். அப்போது காய்ந்தால் அந்த வருடத்துக் காய்ப்பே குறைந்துவிடும்.

மே மாதம் கோடை மழை நனைத்ததும் தூரின் அடியிலிருந்து சருகை விலக்கிவிடுங்கள். ஆசையாகப் பரப்பியதை ஏன் எடுக்க வேண்டும் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. சரம் தரையை ஒட்டிக் கிடக்கிறது, பூ சருகுக்குள் மறைந்தால் தேனீயால் எட்ட முடியாது. ஏலப்பூவை நீங்கள் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். வெள்ளை இதழ், நடுவில் அகன்ற உதட்டில் ஊதா நிறக் கோடுகள், தேனீ இறங்க வழி காட்டியதுபோல. விடியுமுன்னே விரியும், அன்றைக்கே வாடிவிடும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்தால்தான் காய். பக்கத்தில் அடுக்குத் தேனீக் கூடு இருப்பது எந்த உரத்தையும்விட மேல். இடம் இருந்தால் ஒரு தேன்பெட்டி வையுங்கள். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்தைத் தொடவே தொடாதீர்கள். இலைப்பேன் சுரண்டிய காய் சொறிபிடித்ததுபோல இருக்கும். சந்தையில் அதற்கு விலை குறையும், உங்கள் தேநீருக்கு ஒரு குறையும் இல்லை. தண்டு துளைப்பான் நுழைந்த தட்டையில் ஓட்டையும் அதன் வாயில் எச்சமும் தெரியும். குருத்தும் காய்ந்துவிட்டால், வெட்டி உள்ளிருக்கும் புழுவோடு அழித்துவிடலாம். பத்துத் தூருக்கு இது அரைமணி வேலை.

அழுகலுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு தேவை. பருவமழைக்கு முன்னே, மே மாதத்தில், ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னோர் ஐந்து லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி போதும், இரும்பு கூடாது. பளபளப்பான கத்தியை முக்கி எடுக்கும்போது செம்பழுப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலக்கிய அன்றே, பூக்கள் வாடிய மாலை நேரத்தில் தெளித்துவிடுங்கள். மழைக்காலத்தில் தூரைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுத்துவிடுவது இந்தக் கலவையைவிட முக்கியம்.

ஆகஸ்ட் வாக்கில் காய் எடுக்கத் தொடங்கலாம். சரம் அடியிலிருந்து நுனிக்குப் பூத்துக்கொண்டே போவதால் ஒரே நாளில் எல்லாம் முற்றாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடிக்காய்களை எடுக்க வேண்டும். முற்றிய காய் வெளியே பச்சையாகவே இருக்கும். ஒன்றைப் பிளந்து பாருங்கள், விதை கறுத்திருக்க வேண்டும். இடுக்கியில் அந்தப் பதத்தைக் கரிங்காய் என்பார்கள். விதை வெளுப்பாக இருந்தால் உலர்ந்ததும் காய் சுருங்கி மணம் இல்லாமல் போகும். மஞ்சளாகப் பழுக்க விட்டால் உலரும்போது வெடிக்கும், எலியும் அணிலும் முந்திக்கொள்ளும். சரத்தைப் பிடித்து இழுக்காமல் காம்போடு ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள்.

ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. தோட்டங்களில் இதற்கென்றே ஸ்டோர் இருக்கிறது. புகை படாத குழாய்ச் சூட்டில், 45 முதல் 55 டிகிரிக்குள், ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் உலர்த்துவார்கள். போடிநாயக்கனூர்ச் சந்தையில் அந்தப் பச்சை நிறத்துக்கும் எட்டு மில்லிமீட்டர்ப் பருமனுக்கும்தான் விலை. வீட்டில் பழம் உலர்த்தும் சிறிய மின் உலர்த்தி இருந்தால் 50 டிகிரியில் வையுங்கள். பச்சை நிறம் நிற்க வேண்டுமென்றால், 100 பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சலவைச் சோடா கரைத்து அதில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுத்த பிறகு உலர்த்தலாம். உலர்த்தி இல்லாதவர்கள் வெயிலில் காயப் போடலாம். நிறம் வெளுக்கும், மணம் பெரும்பாலும் நிற்கும். சூடு ஆறுவதற்கு முன் கயிற்றுப் பாயில் தேய்த்தால் காம்பும் வாடிய பூவும் உதிரும். பிறகு வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கடைசிக் காய் எடுப்பு ஜனவரியில் முடியும். காய்த்து ஓய்ந்து பழுத்த தட்டைகளை அப்போது தரையோடு அறுத்து எடுங்கள், தூருக்குள் காற்று புகும். மேல்மண்ணில் இரண்டு கூடை அள்ளி, மழை அரித்து வெளியே தெரியும் கிழங்கின் மேல் மெல்லியதாக அணையுங்கள். மே மாதம் விலக்கிய சருகை மீண்டும் கொண்டுவந்து பரப்புங்கள். பரப்பும்போது கையில் ஈட்டிமுனை போலப் புதுக் குருத்துகள் தட்டுப்படும். அவற்றின் மேல் சருகு அழுத்தாமல் விரலால் கொஞ்சம் விலக்கிவிடுங்கள்.